நாகப்பன் கண்ணுக்கு வைத்த பொம்மை

அந்தப் பங்குனியில் அம்சவல்லிக்கு இரண்டு கவலை. ஒன்று, வீட்டுக்குத் தளம் நல்லபடியாகப் போட்டு முடிக்க வேண்டும். இன்னொன்று, பக்கத்து வீட்டு நாகப்பனின் கண்.

தளத்தைப் பற்றிய கவலை ஊரில் எல்லோருக்கும் இருந்ததுதான். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் யார் வீட்டு வாசலில்தான் ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடக்கவில்லை? பெருமாள் கோயிலைச் சுற்றிக் குனிந்து நுழைகிற ஓட்டு வீடுகளாக இருந்தவை ஒவ்வொன்றாக இடிந்து, கம்பி நீட்டிய தூண்களோடு நிமிர்ந்துகொண்டிருந்தன. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி வரப்போகிறது, மண்ணூரில் நிலம் கேட்டு ஆள் வந்துபோகிறது, இனி வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களுக்கு இந்த ஊர் போதாது என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. எந்தக் கம்பெனி, எப்போது வரும் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? வீட்டைக் கட்டிப்பார் என்று பெரியவர்கள் சொன்னதை ஊரே ஒன்றாகச் சேர்ந்து செய்துபார்த்துக்கொண்டிருந்தது.

அம்சவல்லியின் புருஷன் அண்ணாதுரைக்குத் தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் தூக்கம். ஆக, வீடு கட்டுவது முழுக்க அம்சவல்லியின் தலையில் விழுந்தது. அவளும் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. கீழே தங்களுக்கு, மாடியில் வாடகைக்கு ஓர் அறை என்பது அண்ணாதுரையின் கணக்கு. அவளுடைய ஆசை வேறு. பிறந்த வீட்டிலும் ஓடு, புகுந்த வீட்டிலும் ஓடு; தலையில் இடித்துக்கொண்டே பாதி ஆயுள் போய்விட்டது. இனிமேல் ஊரில் தன்னை 'மாடி வூட்டு அம்சா' என்று நாலு பேர் சொல்லிக் காதில் விழ வேண்டும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மாடியறை எந்த மூலையில் வரும், ஜன்னல் எங்கே வரும் என்பதைச் செங்கல் வாங்குவதற்கு முன்பே மனசுக்குள் கட்டி முடித்து, குடியும் போய்விட்டாள்.

பழைய வீட்டை இடித்ததும், அதே ஓடுகளை வைத்துப் பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்கள். அந்தக் கொட்டகைக்கும் நாகப்பன் வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர். ஓர் ஆளின் கழுத்தளவு உயரம். காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பினால், அந்தச் சுவருக்கு மேலே நாகப்பனின் தலை மட்டும் தெரியும்.

நாகப்பன் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஐம்பதைத் தொட்ட மனிதர். யார் வம்புக்கும் போகாதவர் என்று பேர். அப்பேர்ப்பட்டவர் விடிந்ததும் சுவரோரம் வந்து நின்று அவள் வீட்டையே அண்ணாந்து பார்ப்பார். கண்ணை இடுக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பார். உதடு என்னமோ முணுமுணுக்கும். பிறகு தலை மறைந்துவிடும். ஒரு நாள் தவறியது கிடையாது.

முதலில் அவளுக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்படி என்னத்தைப் பார்க்கிறார்? அவரும் வீடு கட்டப்போகிறாரா? பூச்சு வேலை பார்க்கிறாரா? கோணலாக இருக்கிறதென்று நினைக்கிறாரா? ஒருநாள் அவர் போனபிறகு இவளே போய்ச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கோணலும் இல்லை. அப்புறம் மணல் லாரி சந்தில் சிக்கிக்கொண்டது. சாரக் கயிறு அறுந்து கொத்தனார் ஒருவர் மணல் குவியலில் போய் விழுந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்குக் காலையிலும் அந்தத் தலை வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தது. அதோடு அம்சவல்லிக்குச் சந்தேகம் தீர்ந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது தெரியாதவளா அவள்?

தளம் போடுவதற்கு முன்பே திருஷ்டி பொம்மை வைக்கச் சொன்னாள். மேஸ்திரி ரகுபதி வைக்கோல் திணித்து, அண்ணாதுரையின் பழைய கம்பெனிச் சட்டையை மாட்டி, பானைத் தலையில் சுண்ணாம்பு பூசி, கரியால் மீசையும் நாக்கும் வரைந்து கொண்டுவந்தார். தூண் கம்பியில் உயரமாகக் கட்டும்போது, "தெருவைப் பாத்துதானேம்மா?" என்று கேட்டார்.

"தெருவுலேர்ந்து யாரும் பாக்கல மேஸ்திரி. அந்தப் பக்கம் திருப்பிக் கட்டு."

அந்தப் பக்கம் என்று அவள் கை நீட்டிய திசையில் நாகப்பன் வீடுதான் இருந்தது. ரகுபதி அப்படியே திருப்பிக் கட்டினார். கீழே சாந்துச் சட்டியோடு நின்றிருந்த சித்தாள் கனகம் மட்டும் மூக்கில் விரல் வைத்தாள்.

மறுநாள் காலையில் அம்சவல்லி அடுப்பை மறந்து காத்திருந்தாள். தலை வந்தது. அண்ணாந்தது. அதற்கு முன் எப்போதும் இல்லாதபடி இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் நகர்ந்தது, கொஞ்ச நேரம் காணாமல் போய், பிறகு இன்னும் உயரத்தில், தோள் வரைக்கும் எழும்பி வந்தது. துவைக்கிற கல்லின்மேல் ஏறி நிற்கிறார் என்று புரிந்தது. தவிக்கிறார். பொம்மை வேலை செய்கிறது. அம்சவல்லிக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி மாளாது. அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இதில் அவள் ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள். சொந்தக் கிணற்றைத் தூர்த்து அதன்மேல் சமையலறைச் சுவரை எழுப்பியாகிவிட்டது. கட்டுமானத்துக்கு இத்தனை நாளும் தண்ணீர் நாகப்பன் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கனகமும் மற்றவர்களும் அங்கே சேந்தி, மண்சுவருக்கு மேலே குடம் குடமாகக் கை மாற்றுவார்கள். யாருடைய கண்ணுக்குப் பயந்தாளோ அவருடைய தண்ணீரில்தான் வீடே எழும்பிக்கொண்டிருந்தது. இதை என்னவென்று சொல்வது.

தளம் போட்ட நாள் கல்யாண வீடு மாதிரி நடந்தது. கலவை மெஷின் கடகடக்க, சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று சட்டிகளைக் கை மாற்றிவிட, சாயங்காலத்துக்குள் முடிந்தது. எல்லோருக்கும் வாழை இலையில் கேசரியோடு சாப்பாடு. வேலை முடிந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போன கனகம், அங்கே நாகப்பன் சம்சாரம் கோவிந்தம்மா கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். பொம்மை யாருக்காகத் திரும்பியிருக்கிறது என்பதும் அதில் ஒன்று.

விடிந்து பார்த்தால், கிணற்றில் ராட்டினமும் இல்லை, கயிறும் இல்லை.

ரகுபதி வந்து தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். "இன்னிக்கே பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும்மா. பங்குனி வெயிலு. ஒரு நாள் காஞ்சாகூட வெடிப்பு வுட்டுடும். அப்புறம் மழைக்கு ஒழுகும். நான் இன்னா பண்ணாலும் அடைக்க முடியாது."

தெருக்குழாயில் குடங்கள் கோயில் வாசல் வரைக்கும் வரிசை கட்டியிருந்தன. அதில் நின்று தளத்தை நனைக்க முடியாது. அண்ணாதுரை ஷிஃப்டிலிருந்து வர மத்தியானம் ஆகும். வெயில் அதற்குள் ஏறிவிடும். அம்சவல்லியின் வாழ்நாள் ஆசை தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. ரோஷம் பார்க்கிற நேரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெரு சுற்றி நாகப்பன் வீட்டுக்குப் போனாள்.

கோவிந்தம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "வா அம்சா. கண்ணு போடற மனுசன் எப்படி கீறாருன்னு பாக்க வந்தியா? பின்னாடிதான் நிக்கறாரு. போய் நல்லாப் பாரு."

பின்கட்டுக்குப் போன அம்சவல்லி அப்படியே நின்றுவிட்டாள். நாகப்பன் முதுகைக் காட்டியபடி துவைக்கிற கல்லின்மேல் நுனிக்காலில் நின்றிருந்தார். இரண்டு கையையும் கூப்பியிருந்தார். இத்தனை நாளும் அந்த மண்சுவர் அவளுக்குத் தலையைக் காட்டி, கையை மறைத்திருக்கிறது.

அவர் பார்த்த திக்கில் அவளும் பார்த்தாள். எதிரே அவளுடைய வீடு. அதன் உச்சியில் நாக்கை நீட்டிக்கொண்டு பொம்மை. பொம்மையின் தோளுக்குப் பின்னால், உதிக்கிற வெயிலில் கண் கூசும்படி, பெருமாள் கோயில் கோபுரத்தின் கலசத்தில் ஒரு துண்டு.

நாகப்பன் கல்லிலிருந்து இறங்கித் திரும்பினார். "இன்னாம்மா."

"அண்ணா, நீங்க தெனம் கோபுரத்தையா பாத்துக்கினு இருந்தீங்க?"

"வேற இன்னாத்தப் பாப்பேன்? பல்லு வெளக்கினதும் ஒரு கும்புடு. அப்புறம்தான் எனக்குக் காப்பி எறங்கும். கோயிலுக்குள்ள போவ எங்க நேரம்? இங்கேர்ந்தே தெரியுதேன்னு இருந்துட்டேன். உங்க ஓட்டு வூடு இருந்தப்ப பாதி கோபுரம் தெரியும். செவுரு ஏற ஏறக் கொறைஞ்சுகினே வந்துது. கடைசியா கலசம் மட்டும் மிச்சம் நின்னுது. அதுலயும் உங்க பொம்மை குறுக்க வந்துடுச்சு."

அந்தச் சுளித்த முகம் வெயிலுக்குச் சுளித்த முகம். அந்த முணுமுணுப்பு பெருமாள் பெயர். அம்சவல்லிக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

"இன்னான்னு சொல்றது? உங்க எடம், உங்க வூடு. கட்டாதேன்னு சொல்ல நான் யாரு?"

தண்ணீர் கேட்க வந்த வாய்க்குத் தண்ணீர் கேட்க வரவில்லை. அதற்கு முன் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. "அந்தப் பொம்மை உங்க கண்ணுக்குத்தாண்ணா வச்சேன். மேஸ்திரி தெருவைப் பாத்து வைக்கறேன்னாரு. நான்தான் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்."

கோவிந்தம்மா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது இந்த மனிதர் ஒரு சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள் போல. நாகப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா ஒண்ணும் வைக்கலம்மா நீ."

"இன்னா சொல்றீங்க?"

"இப்பதான் கும்புட்டுட்டு எறங்கினேன். பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வரி செங்கல் ஏறும்போதும், இது இடிஞ்சு வுழக் கூடாதான்னு நெனச்சேன். சாமியக் கும்புடற அதே வாயால அதையும் கேட்டேன். அன்னிக்குக் கயிறு அறுந்துதே, ஒரு நிமிசம் சந்தோசமாக்கூட இருந்துச்சு. அப்புறம் ஆளு வுழுந்துட்டான்னு சத்தம் கேட்டுது. அதுலேர்ந்து சரியா தூங்கல."

தன் சந்தேகம் பொய்யாகிவிட்டது என்று வெட்கப்பட்ட அம்சவல்லிக்கு, இப்போது அது பாதி மெய்யும்தான் என்று தெரிந்தபோது, வினோதமாகக் கோபமே வரவில்லை. தன் வீட்டின்மேல் அவர் வைத்த கண்ணைவிட, தன் வீடு அவர் கண்ணிலிருந்து பிடுங்கியது பெரிது என்று பட்டது.

கோவிந்தம்மாதான் முதலில் அசைந்தாள். விறுவிறுவென்று உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ராட்டினத்தையும் கயிற்றையும் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டாள். "உம்ம மானத்தக் காப்பாத்தணும்னு ராவோட ராவா இத்த கழட்டி வச்சேன். நீர் இன்னாடான்னா நின்னு நெசத்தச் சொல்லிக்கினு கீறீர். எப்படியோ போங்க ரெண்டு பேரும்."

நாகப்பன் கடைக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே சேந்தினார். ரகுபதி தளத்தின்மேல் சாந்தால் சின்னச் சின்ன வரப்பாகப் பாத்தி கட்ட, கனகம் தலையைக் குனிந்துகொண்டே குடங்களை வாங்கி மேலே ஏற்றினாள். தளம் ஆவி விட்டுக் குடித்தது. உச்சி வெயிலுக்குள் பாத்தி நிறைந்து, தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. அண்ணாதுரை ஷிஃப்ட் முடிந்து வந்து, ரேஷன் கடைக்காரர் தன் வீட்டுக்குத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் தானும் ஒரு குடத்தைப் பிடித்தான்.

பொம்மையைக் கிரகப்பிரவேசம் வரைக்கும் இறக்கக் கூடாது, அது முறை. தெருப்பக்கத் தூணுக்கு மாற்றிக் கட்டினால் தோஷமில்லை என்று ரகுபதி சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரையும் விடாமல் அதைத் தானே செய்ய வேண்டும் என்று அம்சவல்லிக்குத் தோன்றியது. மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஏணியில் ஏறி, தண்ணீரில் நடந்து போய், கட்டை அவிழ்த்தாள். பொம்மை சரிந்து அவள் தோளில் விழுந்தது. அதை அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கீழே பார்த்தாள். மண்சுவருக்கு அப்பால் நாகப்பன் வந்து நின்றிருந்தார். இங்கேயிருந்து பார்க்க, அவருடைய கையும் நன்றாகத் தெரிந்தது. கூப்பிய கை அப்படியே காத்திருந்தது. தலை இடப்பக்கம் நகர்ந்தது, வலப்பக்கம் நகர்ந்தது.

அவருக்கும் கலசத்துக்கும் நடுவே இப்போது நிற்பது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

நகர்ந்து போக நேரமில்லை. அம்சவல்லி பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, பாத்தித் தண்ணீரில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். புடவை இடுப்புவரை நனைந்து சில்லிட்டது. அசையாமல் இருந்தாள். கீழே முணுமுணுப்பு கேட்டது. முதுகுக்குப் பின்னால் இருந்த கோபுரத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையூன்றியிருந்த தளத்தைத்தான் பார்த்தாள். மாடியறைக்குக் குறித்து வைத்திருந்த மூலை இதுதான். அடுத்த மாதம் இதே இடத்தில் செங்கல் ஏற வேண்டும்.

அவர் கும்பிட்டு முடித்துக் காப்பிக்கு உள்ளே போகும்வரை, அந்த அறையை எந்தப் பக்கம் தள்ளினால் எவ்வளவு சின்னதாகும் என்று ஈரத்தில் உட்கார்ந்தபடியே அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.