ரியூப் கழுவிய தண்ணீர்

லோறன்ஸ் களைத்துப்போன மனிதர். இருபது வருசத்துக்கு மேல் வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கிணறுகளில் நின்றவர். அங்கே பிடித்த அலுப்பு, விசாவும் இல்லாமல் ரிக்கற்றும் இல்லாமல் அவரோடு மன்னாருக்கு வந்து சேர்ந்திருந்தது. போன வருசம் ஒரு கொம்பனி எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தீவில் கிணறுகள் தோண்ட வந்தபோது, மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கீரிக் கிராமத்தில் மனைவி மார்த்தாவோடு இருந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளோடு பூசைக்குப் போவது. இதற்கு மேல் அவர் ஆண்டவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாழ்வு முழுவதும் ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் அதை ரியூப் என்பார்கள். மைல் கணக்கில் நீளமான ஒரே உருக்குக் குழாய், வீட்டு உயரத்து உருளையில் சுற்றியிருக்கும். அதை நிமிர்த்தி எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கி, அடைத்துக் கிடக்கும் மண்ணைக் கழுவி எடுத்துவிட்டு, திரும்ப இழுத்துச் சுற்றவேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் முறியுமல்லவா, ரியூப்பின் விதியும் அதுதான். இறக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கு வயது போகும். இது வேறெங்கோ உழைத்துவிட்டு வரும்போதே கிழடாக வந்தது. இருக்கிற கிணறுகளை இதை வைத்தே முடித்தால் இன்னும் பல வருசம் மன்னாரில் வேலை, இடையில் இது போனால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று கொம்பனியில் சொல்லியிருந்தார்கள்.

லோறன்ஸ் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை என்று ஊரில் பரிதாபப்படுவார்கள். அந்த ரியூப்பை அவர் வளர்த்த விதத்தைக் கண்டிருந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். ஒரே இடத்தில் வளைவு விழாதபடி நுனியை அவ்வப்போது வெட்டினார். பாதியில் தலைமாடு கால்மாடாகத் திருப்பிச் சுற்றி, அவ்வளவு உழைக்காத பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். உள்ளே அழுத்தத்தோடு வளைத்தால் சீக்கிரம் களைத்துவிடும் என்று, கூடியவரை அழுத்தத்தை இறக்கிவிட்டே அசைத்தார். எல்லாவற்றிலும் பெரிய வேலை கழுவல். ஒவ்வொரு முறையும் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஈரம் போகக் காற்றடித்து, எண்ணெய் விட்டு மூடவேண்டும். உப்புத் தங்கினால் அது உருக்கை உள்ளிருந்தே தின்னும்.

தண்ணீர் பாப்பாமோட்டைக் குளத்திலிருந்து பவுசர் லொறியில் வந்துகொண்டிருந்தது. ஆடி வெயிலில் குளம் வற்றியதும் அங்கத்தைய விவசாயிகள் பவுசரை மறித்தார்கள். அவர்களில் குறைசொல்ல ஏலாது. மாட்டுக்கே இல்லாத தண்ணீரை எவன் இரும்புக்குக் கொடுப்பான்?

லோறன்ஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்கட வீட்டுக் கிணறு இருக்கு. கீரியில அப்பிடித் தண்ணி வேற இல்லை," என்றார்.

கூட வேலைசெய்யும் பக்கீர் சிலாவத்துறைக்காரன். நிதானமான ஆள். "எதுக்கும் உப்பு மீற்றரை வச்சுப் பாப்பமோ அண்ணன்?" என்று கேட்டான்.

"நான் ஒவ்வொரு நாளும் குடிக்கிற தண்ணி, தம்பி."

பக்கீர் மீற்றரைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். ஒருவரின் வீட்டுக் கிணற்றைச் சந்தேகப்படுவது அவர் பெண்சாதியைச் சந்தேகப்படுவது மாதிரி. தீவில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆடி போய் ஐப்பசி வரும்வரை அந்தத் தண்ணீரிலேயே ரியூப் கழுவப்பட்டது.

அடுத்த கிணற்றில் இறக்குவதற்கு முன் நுனியை வெட்டி, வெட்டிய துண்டைப் பிளந்து பார்த்தார்கள். உள்பக்கம் அம்மை வந்த முகம் மாதிரி முழுக்கக் குழி. இன்னும் ஒரு துண்டு, அதற்கு மேல் இன்னும் ஒரு துண்டு என்று வெட்டினார்கள். குழி விடவில்லை.

"மெல்ல விட்டு மெல்ல இழுத்தால் இந்த ஒருக்காத் தாங்காதோ அண்ணன்?"

"பக்கத்தில நிக்கப்போறது நீ. தாங்கும் எண்டு நீ சொல்லு, இறக்குவம்."

பக்கீர் பிளந்த துண்டைக் கீழே வைத்தான். அழுத்தத்தோடு குழாய் வெடித்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் பெண்சாதி நசீறாவின் முன்னால் செய்தி சொல்லப் போய் நிற்பதை லோறன்ஸ் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"விடு. இது முடிஞ்சுது," என்றார். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டுமே. கொம்பனிக் கந்தோரில் போய்ச் சொன்னார். இங்கே வேலை நிற்கிறது, மாதக் கடைசியில் கட்டாருக்குப் போக ஆயத்தமாகுங்கோ என்று பின்னேரமே பதில் வந்தது.

அன்று வேலை முடிந்து வெளிக்கிடும்போது, பீப்பாவில் மிஞ்சிக் கிடந்த தண்ணீருக்குள் பக்கீர் மீற்றரை விட்டுப் பார்த்தான். பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினான்.

லோறன்ஸ் வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டார். உடனே துப்பினார். இவ்வளவு நாளும் குளிக்கும்போது நுரை வராததை அவர் சவர்க்காரத்தின் குற்றம் என்றே நினைத்திருந்தார். சத்தம் கேட்டு வந்த மார்த்தா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எப்ப உப்பானது?"

"நீங்கள் வாறதுக்கு முந்தியே. நாங்கள் குடிக்கிறது வாங்கிற தண்ணி. நீங்கள் வேலைக்குப் போன பிறகு தண்ணி விக்கிறவன் வருவான்."

"ஏன் சொல்லேல்லை?"

"வந்த அண்டைக்கு அந்த வாங்கின தண்ணியில ஒரு செம்பு குடிச்சிட்டு, இந்தக் கிணத்துத் தண்ணிக்காகவே இனி ஒரு இடமும் போகமாட்டன் எண்டு சொன்னனீங்கள்." அவள் குரல் இறங்கியது. "அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது? ரியூப்புக்கு அள்ளேக்கயும், இரும்பு கழுவத்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன்."

லோறன்ஸ் கிணற்றுக்கட்டின் மேல் குந்தினார்.

"ரியூப் பழுதாப்போச்சு, மார்த்தா. இஞ்ச வேலை இல்லை. மாசக் கடைசியில கட்டாருக்குப் போறன்."

மார்த்தா அவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி, விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"இந்தத் தண்ணியாலயோ?"

"இல்லை," என்றார். "வயசுபோன ரியூப். எந்தத் தண்ணியில கழுவியிருந்தாலும் போயிருக்கும்."

அவள் நம்பினாளோ தெரியாது. கிட்ட வந்து, கிணற்றுக்கட்டின் மேல் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். உப்பெண்டு சொல்லியிருந்தாலும் நான் உன்னை விட்டுப் போயிருக்கமாட்டன் என்று அவருக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அவள் இத்தனை நாளும் பயந்து மறைத்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். லோறன்ஸ் சொல்லாமல் விட்டுவிட்டார்.