அவள் பெயரில் ஒரு கட்டுரை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவளுக்கு, நாற்பத்து நான்கு வயதில், விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்று தோன்றியது. வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சனிக்கிழமை மதியம் நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள். முதல் இரண்டு பருவத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டாள். மூன்றாவதில்தான் அந்த நாடகம் வந்தது.

நூறு வருஷத்துக்கு முந்திய நாடகம். ஒரு வக்கீலின் மனைவி மூன்று அங்கம் வரைக்கும் கணவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறாள். நான்காவது அங்கத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுகிறாள். கணவன் பார்க்க வந்தால் மணியடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ‘அவள் கேட்டது என்ன, பெற்றது என்ன?’ என்று எட்டுப் பக்கத்துக்கு எழுதி அனுப்பச் சொன்னார் பேராசிரியை.

எழுத உட்கார்ந்தவள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள். புது அறைக்குப் போன அந்தப் பெண் முதல் வேலையாக மேசையை ஜன்னலோரம் இழுக்கிறாள். பிறகு சுவரோரம். பிறகு நடு அறைக்கு. எதற்கு இப்படிப் போட்டு இழுக்கிறாள் என்று இவளுக்குப் பிடிபடவில்லை. விட்டுத்தள்ளவும் மனசு வரவில்லை.

இவள் கணவர் பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமையாசிரியர். தங்கமான மனுஷன். சனிக்கிழமை சமையல் அவர் பொறுப்பு. வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். ‘கொடுத்து வைத்தவள்’ என்று ஊரே சொல்லும். அந்த நாடகத்தை அவளுக்கு முன்னாலேயே படித்து முடித்து, ஓரமெல்லாம் சிவப்பு மையில் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். மேசை வரும் இடத்தில், ‘மனக்குழப்பத்தின் அடையாளம். தேர்வுக்கு முக்கியம்’ என்று இருந்தது.

“குழப்பம்னு எனக்குத் தோணலீங்க,” என்றாள்.

“வேற என்னவா இருக்கும்?”

“அதான் யோசிக்கிறேன். அவளுக்கு வந்து…”

“பயம். தனியா வந்துட்டோமேன்னு. அதையும் ஒரு வரி சேர்த்துக்கோ.”

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடையில் மெஷின் படுத்துவிட்டது. தேங்கிப்போன வேலையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளிடம் கணவர், “கட்டுரையை நினைச்சுக் கவலைப்படாதே. அனுப்பியாச்சு,” என்றார்.

“யாரு அனுப்புனது?”

“நான்தான். நீ பாதியில விட்டிருந்தே. உட்கார்ந்து முடிச்சேன்.”

பாதி என்று அவர் சொன்னது ஆறே வரி. அந்த ஆறில் ஒன்றுகூட அனுப்பியதில் இல்லை. படித்துப் பார்த்தாள். வழவழவென்று போனது. பெண் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை பற்றி இரண்டு பக்கம் இருந்தது. கீழே அவள் பெயர். வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. சோறு போட்டுத் தயாராக வைத்திருக்கும் மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் பேராசிரியை எண்பத்தொரு மதிப்பெண் போட்டிருந்தார். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

“ரெண்டாவது பக்கத்தைக் கொஞ்சம் வாசிங்க. எல்லாரும் கேட்கட்டும்,” என்றார்.

எழுந்து நின்றாள். நாலு வரி வாசித்தாள். அடுத்த வரியில் ‘தன் குரலைத் தானே கண்டடைந்தவள்’ என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு கலைந்த பிறகு பேராசிரியையின் மேசைக்குப் போனாள்.

“இது நான் எழுதினது இல்லீங்க மேடம். எங்க வீட்டுக்காரர் எழுதினது.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“எனக்குத் தெரியுமே.”

“இதை நான் ரத்து பண்ணியாகணும். ரெண்டு வாரம் தரேன், நீங்களே எழுதுங்க. ஆனா ஐம்பதுக்கு மேல போட எனக்கு அனுமதியில்லை.”

சேதி கேட்ட கணவருக்கு முகம் தொங்கிப்போனது.

“மெனக்கெட்டு எழுதினேன். உன்னை யாரு போய் ஒப்பிக்கச் சொன்னது? நான் உனக்கு என்ன குறை வச்சேன்?”

“ஒண்ணும் வைக்கலீங்க.”

“அப்புறம்?”

“நான் பண்றதுக்குன்னு ஏதாவது மிச்சம் வச்சிருக்கலாம்.”

“உதவி பண்ணா தப்பா?” என்று எழுந்து போனார். அக்காவுக்குப் போன் போட்டு, வந்த மார்க்கைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள் என்று புலம்புவது அடுக்களை வரைக்கும் கேட்டது.

இரண்டு வாரமும் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதினாள். எழுதுவதும் அடிப்பதுமாகத் தாள்தான் தீர்ந்தது. ஒருநாள் கையில் ஃபிரேமோடு இருக்கும்போதுதான் பிடிபட்டது: அந்தப் பெண் அதுவரை ஒரு மேசையைக்கூடத் தன் இஷ்டத்துக்குப் போட்டதில்லை. எங்கே போட்டால் தனக்குப் பிடிக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மட்டும் எழுதினாள். நாலரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை.

நாற்பத்து மூன்று கிடைத்தது. ‘நடை தடுமாறுகிறது, சொல்ல வந்தது சரி’ என்று பேராசிரியை எழுதியிருந்தார். கணவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த பருவத்துப் புத்தகங்கள் வந்த காலையில், அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் பொட்டலத்தைப் பிரித்து, நாவலில் பத்துப் பக்கம் போயிருந்தார்.

“குடுங்க.”

“முன்னுரை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“நான் படிச்சு முடிச்சிட்டுத் தரேன்.”

“ஒரே வீட்டுக்குள்ள இதுல என்ன முதல், ரெண்டாவது?” என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விளக்கம் சொன்னால் அதையும் அவரே முடித்துவைப்பார். புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். அங்கே மூன்று வரி படிப்பதற்குள், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியோடு ஒருவர் வந்து நின்றார்.