பனி நாட்டில் உடைமரம்

“அந்த நாய்க்கு மனசு எண்டு ஒண்டு இரிக்கா?” என்று ஜௌபர் முதலாளி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நாய் என்று அவர் சொன்னது ஒரு பிரபுவை. பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில், ஒரு காலத்தில், நிலத்தை வாங்கும்போது அதில் குடியிருந்த ஆட்களையும் சேர்த்து எழுதி வாங்கிய பிரபு அவன். அவனுடைய கதையைத்தான் றைஸா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கட்டா மீனைப் பிளந்து, குடலெடுத்து, உப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். பள்ளிவாசல்துறைக் கரையில் முதலாளிக்குச் சொந்தமான கருவாட்டுக் கொட்டில் அது, வாடி என்போம். அங்கிருந்த ரேடியோவை உப்புக் காற்று தின்று முடித்த பிறகு, புத்தளம் நூலகத்திலிருந்து றைஸா இந்த மொழிபெயர்ப்பு நாவலை எடுத்து வந்தாள். அவள் வெட்ட வேண்டிய மீனை நாங்கள் பங்கு போட்டு வெட்டுவோம், அவள் எங்களுக்கு வாசிப்பாள். முதல் இரண்டு நாளும் முதலாளி தூரத்தில் நின்று கேட்டார். மூன்றாம் நாள் கதிரையோடு வந்துவிட்டார்.

முதலாளி நல்ல மனிதர். பயத்தில் சொல்லவில்லை, மெய்யாகவே நல்லவர்தான். பெருநாளைக்கு உடுப்பெடுத்துத் தருவார், கறிக்கு மீன் தந்தனுப்புவார். என் மகனுக்குக் காய்ச்சல் முற்றியபோது தன்னுடைய வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆனால் வாடியில் கக்கூஸ் இல்லை. விடிய சுபஹு தொழுதுவிட்டு வருகிற நாங்கள் பின்னேரம் அஸருக்குப் பிறகுதான் வீடு திரும்புவோம். இடையில் ஒதுங்க வேண்டுமென்றால் பின்னாலிருக்கும் உடைமரப் பற்றைதான். முள்ளையும் பாம்பையும்கூடச் சமாளித்துவிடலாம், கரையில் வலை உதறுகிற ஆண்களின் கண்ணை என்ன செய்வது? அதனால் வேலைக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதில்லை என்று பழகிக்கொண்டோம். எனக்கு மூத்திரக் கடுப்பு வந்து துடித்தபோது, டொக்டரம்மா சிரித்த முகத்தோடு “நல்லாத் தண்ணி குடிங்க” என்று சொல்லி அனுப்பினார். எங்கே போய்க் குடிப்பது, குடித்துவிட்டு எங்கே போவது என்று அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியிடம் பல தடவை கேட்டோம். “பெருநாள் முடியட்டும், பாப்பம்” என்பார். நோன்புப் பெருநாள் முடிந்தால் ஹஜ்ஜுப் பெருநாள் வரும், அது முடிந்தால் மறுபடி நோன்பு. வருடத்துக்கு இரண்டே பெருநாள்தான், முதலாளிக்கு அது தாராளமாகப் போதுமாக இருந்தது.

அன்றைக்கு றைஸா வாசித்தது இதுதான்: “பிரபுவின் வயலில் வேலை செய்த பெண்கள் ஒதுங்க இடமின்றி உடைமரப் பற்றைக்குள் போனார்கள். மறைவாக ஓரிடம் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், பெருநாள் முடியட்டும், பார்ப்போம் என்றான் பிரபு.”

என் கத்தி மீனுக்குள் அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த அலீமா ராத்தாவுக்கு இருமல் வந்துவிட்டது. றைஸாவின் கண் மட்டும் புத்தகத்தை விட்டு அசையவில்லை. அப்போதுதான் முதலாளி எழும்பினார்.

“பொம்புளைகளுக்கு ஒரு மறைப்புக் கட்டிக் குடுக்காதவன் என்ன பெரிய மனிசன்? பெருநாளாம், பாப்பமாம். இவனுகள் எல்லாம் வாயாலயே வாழுறவனுகள்.”

அலீமா ராத்தா சும்மா இருக்கிற ஆளில்லை. “அவன் கெட்டவனா முதலாளி, இல்லாட்டி ஆக்களையும் விக்கலாம், வாங்கலாம் எண்ட அந்த ஊர்ச் சட்டம் கெட்டதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சட்டம் கெடக்கட்டும் ராத்தா. மனிசன் நல்லவனா இரிந்தா எந்தச் சட்டத்துலயும் நல்லவன்தான்” என்றார் முதலாளி. பிறகு கையை நீட்டினார். “அந்தப் புத்தகத்தத் தாங்க புள்ள. ரெண்டு நாளையில தாறன்.”

றைஸா என்னைப் பார்த்தாள். கொடுக்காமல் இருக்க ஒரு பொய்யும் எனக்கு வாய்க்கவில்லை. அவளுடைய வாப்பா மௌத்தாகி நாலு வருடமாகிறது. உம்மாவும் தம்பியும் அவள் வாடியில் உழைக்கிற காசில்தான் சாப்பிடுகிறார்கள். வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. புத்தகம் முதலாளியின் கக்கத்தில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த இரண்டு நாளும் வாடியில் யாரும் சிரிக்கவில்லை.

சொன்னபடியே முதலாளி புத்தகத்தோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். றைஸாவை நேராகப் பார்த்தார்.

“தேடித் தேடிப் பாத்தன் புள்ள. பனி இரிக்கி, குதிர இரிக்கி. அந்த உடைமரத்த மட்டும் காணல்ல.”

றைஸா வாய் திறக்கும் முன்பே அலீமா ராத்தா முந்திக்கொண்டார். “பழைய புத்தகம்தானே முதலாளி. பக்கம் கழண்டு உலுந்திருக்கும்.”

“ஓம் ஓம். பெருநாள் முடியட்டும் எண்டதும் அந்த உலுந்த பக்கத்துலதான் இரிந்திருக்கும்” என்றார் முதலாளி. சொல்லி முடிக்கும் முன்பே வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். எங்களுக்கு மூச்சு வந்தது. “நாம வாசிச்ச எடம் மட்டும்தான் பாத்தன். மிச்சத்தத் தொடல்ல, கதை கெட்டுப் போகும்” என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாளே நுரைச்சோலையிலிருந்து மேசன் வந்தார். கல் வந்தது, தகரம் வந்தது. நாங்கள் றைஸாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தோம், அவள் உடுப்பெல்லாம் மீன் நாற்றம். கக்கூஸ் கட்டி முடிந்த அன்று ஒவ்வொருவராகப் போய், தேவையில்லாமலே கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தோம்.

அன்று பின்னேரமே முதலாளி கதவில் ஓர் ஆமைப்பூட்டைப் போட்டார். மற்ற வாடிகளின் ஆட்கள் வந்து அழுக்காக்கிவிடுவார்களாம். நீல வலைநூலில் கட்டிய அந்தப் பூட்டின் திறப்பு அவருடைய சட்டைப்பைக்குள் போனது. “தேவையெண்டா கேளுங்க, தாறன்” என்றார். கேட்கலாம்தான். ஆனால் அவர் லொறிக்காரர்களோடும் கருவாட்டு வியாபாரிகளோடும் நிற்பார். அத்தனை ஆண்களுக்கும் நடுவே போய், இன்ன காரியத்துக்குத் திறப்புத் தாருங்கள் என்று கை நீட்ட வேண்டும். நான் ஒரே ஒரு தடவை போனேன். திரும்பி வரும்போது கண்ணீர் வந்தது, கோபத்தில்தான். அதற்குப் பிறகு நாங்கள் பழையபடி தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம்.

வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. நாவலில் பழைய பிரபு செத்துப்போனான். மகன் வந்தான், நல்லவன். சவுக்கடியை நிறுத்தினான், குளிருக்குக் கம்பளி கொடுத்தான், சனங்கள் அவன் கையை முத்தமிட்டார்கள். முதலாளிக்கு அவனை நன்றாகப் பிடித்துப்போயிற்று. அப்போது ஒரு குதிரைக்காரன் எழும்பிப் பேசுகிறான். றைஸா வாசித்தாள்: “இரங்கித் தந்ததை, இரக்கம் தீர்ந்ததும் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள். எங்களுக்கு உரியதை எங்கள் கையில் தாருங்கள்.”

முதலாளி நிமிர்ந்தார். “இதும் உலுந்த பக்கமா புள்ள?”

றைஸா எழும்பிப்போய்ப் புத்தகத்தை அவர் முன்னால் பிடித்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரல் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார்.

“இல்ல. இரிக்கி” என்றார். “வாசிங்க.”

அவள் வாசித்தாள். நல்ல பிரபு யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். சனங்கள் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு ஒருநாள் தீப்பந்தங்களோடு பனிக்குள் நடந்து வந்தார்கள். வைக்கோல் பற்றியது. முதலாளி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். என் முழங்காலுக்குப் பக்கத்தில் முதலாளிக்குத் தேத்தண்ணி போடும் அடுப்பும் அதனருகில் நெருப்புப் பெட்டியும் கிடந்தன. அவர் பார்வை புத்தகத்திலேயே இருந்தது, கை மட்டும் மெதுவாக வந்து நெருப்புப் பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டது. சிரித்துவிடாமலிருக்க நான் மீனைப் பார்த்தேன். அலீமா ராத்தா கடலைப் பார்த்தார்.

கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் கிடந்தது. வெளியே வந்தபோது அதில் நீல வலைநூல் தொங்கியது. நெருப்புப் பெட்டி இருந்த இடத்தில் திறப்பை வைத்துவிட்டு, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் றைஸாவிடம் சொன்னார்:

“ஏன் புள்ள நிப்பாட்டின? ஊடு பத்திச்சா இல்லையா?”

றைஸா விட்ட இடத்தைத் தேடி எடுத்தாள். நான் உப்புக் கையைத் துடைத்துவிட்டு, திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினேன். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல், லொறிக்காரர்களைத் தாண்டி நேராக நடந்தேன். எனக்குப் பின்னால், பனி நாட்டில், பிரபுவின் கூரை சரிந்துகொண்டிருந்தது.