பதினோரு தொட்டிக்கு வேண்டிய இருட்டு

என் கணவர் இறந்த மூன்றாம் மாதம், அவருடைய தம்பி எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு எட்டு விளக்குகள் போடுவது என்று தீர்மானித்தார். தீர்மானித்த பிறகுதான் எனக்குச் சொன்னார். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு அப்புறம் வாசித்துக் காட்டுவது அவருக்குப் பழக்கம்.

"அண்ணன் நினைவா இருக்கட்டும் அண்ணி. பாவம், விளக்கு விளக்குன்னு கேட்டுக்கிட்டே போய்ட்டான். ஏழு தடவை அவன் மனுவை நானே கொண்டு போய் கார்ப்பரேஷன் ஆபீஸ்ல குடுத்திருக்கேன்."

நான் தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களே என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவர் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் அளக்க நிலம் இல்லாமல் சாமந்தியைப் பிடித்துக்கொண்டார். சின்ன மஞ்சள் சாமந்தியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துப் பெரிய அரக்குச் சாமந்தியில் தடவுவார். விதை எடுத்து நாற்று விடுவார். இதழின் உள்பக்கம் அரக்கும் வெளிப்பக்கம் மஞ்சளுமாக ஒரு பூ வர வேண்டும், அதுதான் ஆசை. ஐந்து வருடமாக வரவில்லை. ஆறாம் வருடத்து நாற்றுகள் பதினொன்றும் தொட்டியில் சாண் உயரம் நின்றபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில், பிற்பகல் மூன்று மணிக்கு, நல்ல வெளிச்சத்தில்தான் போனார். இருட்டுக்கும் அவர் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சாமந்தி மொட்டு வைக்க நீண்ட இரவு வேண்டும். பகல் குறுகத் தொடங்கியதும், பத்துப் பதினோரு மணி நேரம் இடைவிடாத இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். நடுவே வெளிச்சம் பட்டால் இன்னும் கோடை முடியவில்லை என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். மதிலை ஒட்டிய தெருவிளக்கின் கீழே அவர் முதல் வருடம் வைத்த தொட்டிகள் இடுப்புயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு மாலையானால் அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார். அவர் போன பிறகு நான் கட்டினேன். மொட்டு வைக்கும் காலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தப் பதினொன்றும் பூக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விளக்குக் கடைக்குக் கொழுந்தனார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மாதிரித் தோட்டம் வைத்திருந்தார்கள். தரையெல்லாம் செயற்கைப் புல். விற்பனையாளர் கொழுந்தனாரிடம் மட்டுமே பேசினார்.

"சார், இது மண்ணுல குத்தி வைக்கிறது. மரத்தைக் கீழேருந்து தூக்கிக் காட்டும். இது சுவத்துல மாட்டறது, மேலயும் அடிக்கும் கீழயும் அடிக்கும். இது ஃப்ளட் லைட். ஒண்ணு போட்டா ஊசி விழுந்தாகூட எடுத்துடலாம்."

"எங்க தோட்டத்துல ஊசி ஒண்ணும் விழல," என்றேன்.

அப்போதுதான் நான் நிற்பது அவருக்குத் தெரிந்தது. "அம்மா தோட்டத்துல என்ன செடி இருக்கு?"

"சாமந்தி. ராத்திரி வெளிச்சம் பட்டா பூக்காது."

"செடிக்கு ஏதும்மா தூக்கம்? வேணும்னா வெள்ளை வேண்டாம், லேசா சிவப்பு கலந்த மாதிரி தரேன். கண்ணுக்கு இதமா இருக்கும்."

"சிவப்புதான் அதுக்கு ரொம்பக் கெடுதல்."

கொழுந்தனார் என்னைச் சமாதானப்படுத்த வந்தார். "அண்ணி, இங்க பாருங்க, இவங்களும்தான் பூச்செடி வச்சிருக்காங்க. நாள் பூரா லைட்டு எரியுது. பூக்கலையா?"

"தம்பி, அது பிளாஸ்டிக்."

அவர் ஓர் இதழைத் தொட்டுப் பார்த்தார். "அட, ஆமா. நல்லாத்தான் பண்ணியிருக்கான்."

எனக்கு வேண்டியது ஒரே விளக்கு என்று சொன்னேன். பின்வாசல் படியில் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, மேலே மூடி இருக்க வேண்டும், வெளிச்சம் படியைத் தாண்டக் கூடாது. சுவிட்ச் என் கைக்கு எட்ட வேண்டும்.

"அப்படி ஒண்ணு இருக்கும்மா. ஆனா வாங்கினவங்க எல்லாம் வெளிச்சமே தெரியலைன்னு திருப்பிக் கொண்டு வந்துடறாங்க."

"அதையே குடுங்க."

"சரி, அண்ணி ஆசைப்பட்டாங்க, அதையும் சேர்த்துக்குங்க," என்றார் கொழுந்தனார். எட்டோடு ஒன்பதாக. அதோடு விட்டாரா? "அந்த எட்டுக்கும் சுவிட்ச் வேண்டாம். இருட்டினா தானா எரியற மாதிரி வச்சுடுங்க. அண்ணி இப்ப இருக்கிற நிலைமையில போட மறந்துடுவாங்க."

முப்பது வருடம் நூலகத்தில் பட்டியல் எழுதியவள் நான். ஒரு புத்தகத்தை இடம் மாற்றி வைத்ததில்லை. எனக்கு மறந்துவிடுமாம். வீடு வரும்வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் அவர் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரின் மனு ஃபைலை எடுத்தேன். தலையாட்டியது போதும் என்று தோன்றியது. அவர் எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைத்திருந்தார்.

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். கொழுந்தனார் மதிலில் எட்டு இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு முடித்திருந்தார்.

"தம்பி, இதைப் படிங்க. சத்தமா."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். "'ஐயா, வணக்கம். என் வீட்டு மதிலை ஒட்டிய தெருவிளக்கின் ஒளி இரவு முழுவதும் என் செடிகளின் மீது விழுவதால் அவை பூப்பதில்லை. ஆகவே விளக்கின் வீட்டுப் பக்கம் ஒரு தகடு பொருத்தி மறைத்துத் தருமாறு...'" அங்கே நிறுத்திவிட்டார்.

"ஏழு தடவை கொண்டு போனீங்களே, ஒரு தடவையாவது பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"அடுத்தவங்க மனுவை எப்படி அண்ணி பிரிக்கிறது?"

"ஒட்டாத கவர் தம்பி."

அவர் பிரிக்காமல் கொடுத்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கொடுக்கும்போது வாயால் சிபாரிசும் செய்திருக்கிறார். "எங்க அண்ணன் வீட்டுப் பக்கம் லைட்டு பத்தலையாம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று. பெருமையாக அவரே வந்து சொல்வார். நான்காவது மனுவுக்குப் பிறகு அந்தக் கம்பத்தில் இருந்த விளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பிரகாசமாகப் புதிதாக ஒன்று மாட்டிவிட்டுப் போனார்கள். என் கணவர் அன்று சாப்பிடவில்லை.

"அவன் என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல ஆரம்பிச்சார். சங்கத்துக் கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு நீங்க எழுந்து போய்ட்டீங்க."

எலக்ட்ரீஷியன் ஏணியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, நான் ஓட்டை போடறதா, பஞ்சாயத்து முடியட்டும்னு இறங்கறதா? கால் வலிக்குது."

"இருப்பா," என்றார் கொழுந்தனார். காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். பிறகு சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "சரி அண்ணி, தெரியாம நடந்துபோச்சு. ஆனா சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாலு மட்டுமாவது போட்டுக்குவோமே."

"நாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவர் உயிரோட இருக்கும்போது உங்ககிட்ட கேட்டது ஒரு தகடு. கையகலம்தான். அதுக்கு ஆறு வருஷமா உங்களுக்குக் காது கேக்கல. இப்ப அவர் பேர்ல எட்டு லைட்டு, யார் பார்க்கிறதுக்கு? அவ்வளவு பாசமா இருந்தா உங்க வீட்டு மதில்ல மாட்டிக்குங்க."

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. எலக்ட்ரீஷியன் இறங்கி ஏணியை மடக்கினார். "அம்மா, அந்தக் குட்டி விளக்கு மட்டும் எங்கன்னு காட்டுங்க. வந்ததுக்கு அதையாவது மாட்டிட்டுப் போறேன்."

எட்டும் சங்கத்து விளையாட்டு மைதானத்துக்குப் போயின. கொழுந்தனார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மொட்டு வந்தது. பதினொன்றிலும் வந்தது. பூத்தபோது எல்லாமே வெளுத்த செங்கல் நிறம். ஒன்றில்கூட அவர் தேடிய அரக்கும் மஞ்சளும் இல்லை. இரண்டு செடிகளில் பூ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

செய்தி கேள்விப்பட்டுக் கொழுந்தனார் வந்தார். தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கலரையா அண்ணன் தேடினான்?"

"இது இல்ல. இருந்திருந்தா ஒவ்வொண்ணையும் திட்டித் தீர்த்திருப்பார்."

"அப்புறம் எதுக்கு அண்ணி அவ்வளவு சண்டை?"

"திட்டறதுக்காவது பூக்க வேண்டாமா?"

அவர், சாயாமல் நின்ற ஒரு செடியைக் காட்டி, இதை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார்.

"எங்க வைப்பீங்க?"

"வாசல்லதான். நாலு பேர் பார்க்கட்டும், அண்ணன் வளர்த்ததுன்னு."

"உங்க வாசல்ல ராத்திரி பூரா லைட்டு எரியுமே."

"அணைச்சுடறேன் அண்ணி."

அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஏற்கெனவே பூத்துவிட்ட செடியை விளக்கு ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.