அண்ணன் மாட்டிய விளக்குகள்

காரின் பின்கதவைத் திறந்து ராக்கெட்டைக் கையில் எடுத்ததுமே அவளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. ராக்கெட்டின் உடம்பைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்குகள். அவற்றுக்கு நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக, கீச்சென்று கத்துகிற ஒரு பஸ்ஸர். நேற்று அவள் பெட்டிக்குள் வைத்து மூடியபோது இதில் ஒன்றுகூடக் கிடையாது.

"எப்படி இருக்கு பாப்பா?" என்றார் அண்ணன். வாயெல்லாம் பல்.

பாப்பாவுக்கு வயது முப்பத்தெட்டு. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து தரும் இடத்தில் வேலை. அண்ணன் லாரிகளுக்கு விளக்கும் ஹாரனும் மாட்டுகிற கடை வைத்திருக்கிறார். லாரியோடு நின்றிருந்தால் யாருக்கும் வம்பில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குச் செய்த காற்றாடி, முதல் சம்பளத்தில் வாங்கிய தையல் மிஷின், குடிபோன வீட்டு வாசல் மணி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. கேட்காமல் வருவார், கழற்றுவார், இன்னும் நன்றாக மாட்டுவார். பார்க்கிறவர்கள், "அண்ணன் கைவேலையா?" என்பார்கள். அம்மாவும் வாய் கூசாமல் ஆமாம் என்பாள். இந்த ராக்கெட் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

இன்றைக்கு இந்த மைதானத்தில், பொழுதுபோக்காக ராக்கெட் செய்து ஏற்றுகிறவர்களின் கழகம் நடத்தும் தேர்வு. தேறினால்தான் பெரிய மோட்டார் வைத்து ஏற்ற அனுமதி. விதி ஒன்றே ஒன்று: ராக்கெட்டில் வேறு யார் கைவேலையும் இருக்கக் கூடாது.

"உன்னை யாருண்ணா கேட்டது?"

"புல்லுக்குள்ள விழுந்தா எங்க போய்த் தேடுவ? சத்தம் கேட்டா நேரா போய் எடுத்துடலாம்ல. உனக்காகத் தூங்காம உக்காந்து பண்ணேன்."

வெளியே ஒரு பஸ்ஸர் வேண்டும் என்று அவளே நினைத்துத்தான் வைத்திருந்தாள். அதுதான் இன்னும் எரிந்தது. சண்டை போடக்கூட நேரமில்லை. பரிசோதனை மேசையிலிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பரிசோதகர் ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் மாதக்கணக்கில் இழைத்து இழைத்து ஒட்டிய இறக்கைகளுக்கு ஒரு "ம்". அவளே தைத்த பாராசூட்டுக்கு இன்னொரு "ம்". விளக்குகளிடம் வந்ததும் மனிதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அடடா! வயர் போற வழியே தெரியலையே. இவ்வளவு சுத்தமா யாரும் மாட்டி நான் பாத்ததில்ல. நீங்களே பண்ணீங்களா?"

"அவளேதான் சார்!" பின்னாலிருந்து அண்ணன் குரல் பெருமையில் தழுதழுத்தது. ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி அந்தப் பொய்யைக் கொடுத்தார். அவளுக்கு அவரை அங்கேயே அறைந்தால் என்ன என்றிருந்தது.

ராக்கெட்டின் ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே இருந்து பாராசூட்டைத் திறந்துவிடுகிற மின்பலகை கொஞ்சம் யோசித்துவிட்டு, பாராசூட்டின் இணைப்பு சரியாக இருந்தால் மூன்று முறை கூவ வேண்டும். அண்ணனின் பஸ்ஸரோ போட்ட மாத்திரத்தில் அலற ஆரம்பித்து நிற்கவே இல்லை. அணைத்துவிட்டு மூடியைத் திருகித் திறந்தாள். வெளி பஸ்ஸருக்கென்றே பலகையில் இருந்த இரண்டு முனைகளும் காலியாகக் கிடந்தன. வயர் நேராக பேட்டரிக்குப் போயிருந்தது.

"இது நான் மாட்டலை சார். எங்க அண்ணன் மாட்டினது."

பரிசோதகர் முகம் சுருங்கியது. "அப்படின்னா இப்ப ஏத்த முடியாது. மொத்தத்தையும் கழட்டிட்டு மத்தியானம் வாங்க. விளக்கு வேணும்னா நீங்களே மாட்டுங்க. வேற கை படக் கூடாது."

கார்ப் பக்கம் திரும்பியதும் அண்ணன் பிடித்துக்கொண்டார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டியே!"

"சொல்லியிருந்தா இதுவும் உன்னோடது ஆயிருக்கும்ணா! அங்க என்ன கத்துச்சுன்னு தெரியுமா உனக்கு? பேட்டரி கத்துச்சு. பலகையே செத்துப்போனாலும் உன் பஸ்ஸர் கத்தும், உன் விளக்கு எரியும். பாராசூட்டை வெடிச்சுத் திறக்கணும், அதுக்கு இருக்கிற பேட்டரியையும் அதுவே குடிச்சிருக்கும். மேல போனது கல்லு மாதிரி வந்து விழுந்திருக்கும்!"

"லாரிக்கு நேரா பேட்டரியிலதான் பாப்பா கனெக்‌ஷன் குடுப்போம்..."

"இது லாரி இல்ல! நான் பாப்பாவும் இல்ல!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

தரையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். விளக்குகளை ஒட்டியிருந்த பசை லாரிக்குப் போடுகிற முரட்டுப் பசை. சுரண்டினால் பெயின்ட் வந்தது, பசை வரவில்லை. கத்தி வழுக்கியது, நகம் பிய்ந்தது. மற்றவர்களின் ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன.

அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் குந்தி கையை நீட்டினார்.

"குடு, நான்னா அஞ்சு நிமிஷத்துல கழட்டிடுவேன்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை கத்தியும் ஒரு சொல்கூட அவர் காதில் ஏறவில்லை. அந்த நேரத்தில் கோபத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

"எழுந்திரிண்ணா. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு தள்ளி நில்லு."

எழுந்தார். கட்டிக்கொண்டார். எங்கே பிடித்து எப்படி நெம்ப வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முறைத்த முறைப்பில் அதையும் விழுங்கினார்.

அவள் மறுபடி சுரண்டத் தொடங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் ராக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.