எந்தத் தட்டில்

என் புருஷன் திராயனின் கோட்டில் தேன்மெழுகு வாசனை வந்தது. எவளாவது பூசிய சென்ட் வாசனை வந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அறுபத்து மூன்று வயதில் அதற்கெல்லாம் அவருக்குத் துப்பு ஏது! ஆனால் மெழுகும் சாம்பிராணியும்? நாற்பது வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்த மனுஷன். ஈஸ்டருக்குக்கூட நான் உள்ளே போய்விட்டு வரும்வரை தேவாலய வாசலில் சிகரெட்டோடு நிற்பார். "கடவுளுக்குக் காது இருந்தா, உங்க பாதிரியார் பாட்டைக் கேட்டு எப்பவோ ஊரை விட்டு ஓடியிருப்பாரு" என்று கேலி வேறு. வெள்ளிக்கிழமைதோறும் பகடை ஆடப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பயம் வேறு. எங்கள் ஒரே மகன் ஒவிடியூ இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போனவன். ஆகஸ்டிலிருந்து அவன் போன் அணைந்து கிடக்கிறது. இப்போது பிப்ரவரி. அங்கிருந்து இவருக்கு ஏதோ தகவல் வந்து, என்னிடம் மறைக்கிறாரோ? சரியான கல்லுளிமங்கன் அவர். சொந்த அம்மா செத்த செய்தியையே நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தவர். அவர் குளிக்கும்போது போனைக் குடைந்தேன், கோட்டுப் பையைத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் முற்றியது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னாலேயே போனேன். பனி இளகித் தெருவெல்லாம் சேறு. அவர் தேவாலயத்துக்குள் நுழையவில்லை. வாசலில் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனார். அங்கே சாம்பிராணிப் புகைக்கு நடுவே, மெழுகுவர்த்தி ஊன்ற மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள். இடது பக்கம் 'உயிரோடிருப்பவர்கள்', வலது பக்கம் 'இறந்தவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் அதில் கை மாறாது. உயிரோடு இருப்பவனுக்கு வலது பக்கம் ஏற்றினால் சாவைக் கூப்பிடுவதுபோல.

திராயன் வலது தட்டின் முன்னால் குனிந்திருந்தார். கொட்டகைக்குள் பாய்ந்தேன்.

"யோவ்! யாருக்குய்யா அது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "அனேத்தா... நீ எங்க இங்க?"

"நான் எப்பவும் வர்ற இடம்தான். நீ சொல்லு, யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"புளுகாத. உங்கம்மா போய் இருபது வருஷத்துல ஒரு தீக்குச்சி கிழிச்சிருக்கியா நீ? எம்புள்ளைக்கு என்ன ஆச்சு? எவன் என்ன சொன்னான்?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சத்தியமா."

"எது மேலய்யா சத்தியம் பண்ற? கடவுள் மேலயா?"

அவர் இடது தட்டைத் தாடையால் காட்டினார். அங்கேயும் அதே உயரத்தில், அப்போதுதான் ஏற்றிய மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டும் அவனுக்குத்தான். எந்தப் பக்கம் இருக்கான்னு தெரியலையே அனேத்தா. ஒண்ணு மட்டும் வெச்சு, அவன் மத்த பக்கம் இருந்தா இருட்டுல நிப்பானே."

"ஒண்ணுலயும் நம்பிக்கை இல்லாதவனுக்கு இது எதுக்குய்யா?"

"வேற என்ன செய்யச் சொல்ற? கை சும்மா இருக்க மாட்டேங்குது."

எனக்குப் பெற்ற வயிறு எரிந்தது. நம்பவும் இல்லை, இன்னும் எதையோ விழுங்குகிறார் என்றே தோன்றியது. "எம்புள்ள உயிரோட இருக்கான்!" என்று கத்தி, வலது தட்டில் இருந்ததைப் பிடுங்கித் திரியை விரலால் நசுக்கினேன். அவர் தடுக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளிக்கதவுப் பக்கம் நடந்தார்.

ஆறு மாதமாக இடது பக்கம் மட்டுமே ஏற்றி வருகிறேன். வலது பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அது விசுவாசம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது என் கையில் அணைந்த திரி புகைந்தது. ஒருவேளை அவன் அங்கே நின்றிருந்தால்? அம்மாவே வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனதை அவன் பார்த்திருந்தால்?

வலது தட்டில் வேறு யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்த சுடரில் அதைத் திரும்பப் பற்றவைத்தேன். வைக்க முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. மெழுகு உருகி விரலைச் சுட்டது. கீழே மணலில் அவர் குத்திய சின்னக் குழி மூடாமல் அப்படியே இருந்தது.