லூர்துராணியின் பெயரில் ஒரு வரி

புத்தூரில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் லூர்துராணி. புத்தூருக்கும் ஸ்ரீரங்கம் கிளைக்கும் பன்னிரண்டு வருஷமாக ஒரே சர்வர். நோயாளிகளின் ரிப்போர்ட், மெயில், டாக்டர்களைப் பார்க்கும் நேரம் எல்லாம் அதில்தான். அதற்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று ஆனபிறகு, புதியதற்கு மாற்றும் வேலை அவளிடம் வந்தது.

அவள் அவசரப்படவில்லை. இரண்டு பேக்கப் எடுத்தாள். ஒன்றை வேறொரு கணினியில் ஏற்றி, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், லேப் மூடியபின், பழைய சர்வரின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். ரிப்போர்ட்டுகள் வந்து சேரும் மெயில்பெட்டியைத் திறந்ததும், அதன் செட்டிங்குகளில் தனக்குத் தெரியாத ஒரு வரியைக் கண்டாள்.

அதற்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் யாரென்றே தெரியாத ஒரு வெளி முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக. அந்த வரியைப் போட்டவர் பெயர்: லூர்துராணி.

"நான் போடலையே!" ஆளில்லாத அறையில் வாய்விட்டே சொன்னாள்.

அந்த வரியைப் போட்ட தேதியைப் பார்த்தாள். அன்று அவள் வையம்பட்டியில், தங்கை கல்யாணத்தில் இருந்தாள். அதற்கு முந்தின வாரம், பாஸ்வேர்டு காலாவதியாகப் போகிறது என்று ஒரு மெயில் வந்தது ஞாபகம் வந்தது. லிங்கை அமுக்கிப் பாஸ்வேர்டைத் தட்டியவள் அவளேதான். அது பாஸ்வேர்டைத் திருட வந்த போலி மெயில் என்று இப்போதுதான் புரிந்தது.

சர்வரின் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். லேபின் உரிமையாளர் டாக்டர் பீமராவ் வீட்டில் இருந்தார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை பேரோடதும்மா?"

"பதினோராயிரத்துக்கு மேல, டாக்டர். உங்களோடதும் இருக்கு."

அவர் முகம் வெளிறிவிட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தார். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"புதுசுக்கு மாத்திட்டா இந்த வரி வராதுல்ல?"

"வராது. யாருக்கும் தெரியாமலே போயிடும், என் தப்பு உட்பட. ஆனா அந்த நோயாளிங்களுக்குத் தெரியணும், டாக்டர்."

டாக்டர் மறுபடியும் உள்ளே பார்த்தார். பிறகு, "சொல்லிடுவோம். போலீஸ்லயும் புகார் குடுத்துடு" என்றார்.

திங்கள் முழுக்க ரிப்போர்ட்டுகளைக் காகிதத்திலேயே கொடுத்தார்கள். லூர்துராணி பழைய சர்வரை ஆதாரமாக அப்படியே வைத்துவிட்டு, அந்த வரி இல்லாமல், எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றி, புதியதை ஏற்றினாள். செவ்வாய்க்கிழமை இரண்டு இடத்திலும் வேலை நடந்தது. ஒரு ரிப்போர்ட்டும் தொலையவில்லை.

புதன்கிழமை காலை நோயாளிகளுக்குப் போன் செய்ய உட்கார்ந்தாள். முதல் பெயர் ஆனந்தவள்ளி, உத்தர வீதி. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"யாரு படிச்சிருப்பா?"

"தெரியலங்கம்மா. என் பாஸ்வேர்டு வழியாத்தான் போயிருக்கு. மன்னிச்சுடுங்க."

"தெரியலையா?" என்றாள் ஆனந்தவள்ளி. மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

லூர்துராணி அந்தப் பெயருக்கு எதிரே 'சொல்லியாச்சு' என்று குறித்தாள். பிறகு அடுத்த எண்ணை அழுத்தினாள்.